முட்டையை மாதக்கணக்கில் கெடாமல் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் யாரும் முட்டையைத் தொடமாட்டார்கள், ஆனால் அது கோழிக்குத் தெரியாது. பதினான்கு பெட்டைக் கோழிகள், எல்லாம் சிறுவிடை என்ற நாட்டுக்கோழி. அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்திலும் விரதம் என்பதால் கொடுக்கவும் ஆள் இருக்காது. அப்புறம் கார்த்திகையில் மாலை போடுகிறவர்கள். தை பிறந்து எல்லோருக்கும் முட்டை ஆசை வரும் நேரத்தில் பாதிக் கோழிகள் அடைக்கு உட்கார்ந்திருக்கும். இந்தக் கூத்தைச் சமாளிக்கத்தான் முட்டையைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். கேட்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக இங்கே.

முட்டை ஏன் கெடுகிறது? ஓடுதான் மூடியிருக்கிறதே?

மூடியிருப்பது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஒரு கோழிமுட்டையின் ஓட்டில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் இருக்கின்றன, உள்ளே வளரும் குஞ்சு மூச்சுவிட வேண்டுமே. இடும்போதே கோழி அந்தத் துளைகள் மேல் ஒரு மெல்லிய பூச்சு பூசி அனுப்புகிறது. இட்ட உடனே கையில் எடுத்தால் ஈரமாகப் பளபளக்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் காய்ந்து மங்கிவிடும், அதுதான் அந்தப் பூச்சு. நாள் ஆக ஆகத் துளைகள் வழியாக நீரும் கரியமில வாயுவும் வெளியேறும். புது முட்டையின் வெள்ளைக்கரு 7.6 அளவு காரத்தன்மையில் (pH) இருப்பது 9-ஐத் தாண்டிப்போகும், கெட்டியாக நின்ற வெள்ளைக்கரு தண்ணீராகும், மஞ்சள்கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு தளரும், மழுங்கிய முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும்.

இதுவரை நடந்தது முதுமை மட்டும்தான், அழுகல் இல்லை. அழுகுவது கிருமி உள்ளே போனால். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் மீதி எல்லாம் எளிது.

கழுவி வைப்பதா, கழுவாமல் வைப்பதா?

கழுவாமல். அந்தப் பூச்சு தண்ணீரில் போய்விடும். பச்சைத் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம், உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும்போது ஓட்டின் மேல் இருக்கும் அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள், அதனாலேயே அங்கே கட்டாயம் குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலும் கழுவுவதில்லை.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. 'சுத்தம்' என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, ஜாடியில் அடுக்கினேன். ஆறு வாரம் கழித்து மூடியைத் திறந்ததும் அம்மா அடுப்படியை விட்டே வெளியே போய்விட்டார். முப்பத்திரண்டு முட்டையும் குழிதோண்டிப் புதைத்தேன், தென்னை மரத்துக்கு நல்ல உரம்.

எச்சம் ஒட்டிய முட்டையைச் சேமிப்புக்கு எடுக்கவே வேண்டாம், அன்றே சமைத்துவிடுங்கள். லேசாக மண் ஒட்டியிருந்தால் காய்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும். உண்மையில் இந்த வேலை கூண்டிலேயே தொடங்குகிறது. முட்டையிடும் கூடையில் வைக்கோலை வாரம் ஒருமுறை மாற்றுங்கள், காலையும் மாலையும் முட்டையை எடுத்துவிடுங்கள்.

சேவல் இருந்தால் பிரச்சினையா?

நம் ஊர் வெயிலில் இதுதான் முதல் பிரச்சினை, ஆனால் பலரும் யோசிப்பதே இல்லை. சேவல் சேர்ந்த முட்டையில் கரு இருக்கும். ஏறக்குறைய 20, 21 டிகிரிக்கு மேல் போனால் அந்தக் கரு மெல்ல விழித்துக்கொள்ளும். சித்திரையில் நம் வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. கோழி உட்காராமலே அரைகுறையாக அடைகாத்த மாதிரி ஆகி, கரு கொஞ்சம் வளர்ந்து செத்து, முட்டை கூமுட்டையாகிவிடும். ஆளைத் திட்ட நாம் பயன்படுத்தும் அதே கூமுட்டைதான்.

முட்டையிட சேவல் தேவையில்லை, பெட்டை தானாகவே இடும். சேமிக்கப்போகிறீர்கள் என்றால் சேவலை மூன்று வாரம் முன்பே தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். ஒரு தடவை சேர்ந்தாலே பெட்டையின் உடம்பில் இரண்டு வாரத்துக்கு மேல் விந்து உயிரோடு இருக்கும், அதனால்தான் இந்த இடைவெளி. நான் ஆவணி நடுவிலேயே இரண்டு சேவலையும் பிரித்துவிடுவேன். காலையில் கத்தித் தீர்க்கும், கண்டுகொள்ளக்கூடாது.

ஒன்றும் செய்யாமல் வெளியே வைத்தால் எத்தனை நாள் தாங்கும்?

கோடையில் ஒரு வாரத்துக்கு மேல் நான் நம்பமாட்டேன், மார்கழியில் இரண்டு வாரம். வெளியே ஒரு நாள் இருப்பது ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருப்பதற்குச் சமம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், அது சரிதான்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்குப் பழைய வழி ஈரமணல். அகலமான தொட்டியில் ஆற்றுமணலைப் போட்டு, நடுவில் ஒரு மண்பானையை வைத்து, மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். பானைக்குள் கொஞ்சம் வைக்கோல், அதன் மேல் முட்டை, வாயில் மெல்லிய துணி. தண்ணீர் ஆவியாகும்போது பானை குளிரும். வறண்ட கோடையில் நன்றாக வேலை செய்யும், மழைக்காலப் புழுக்கத்தில் சுமார்தான்.

அரிசிப் பானையில், கம்புக்குள் புதைத்து வைப்பார்களே?

என் அம்மாயி அப்படித்தான் வைத்தார். முட்டை உருண்டு உடையாது, சூடும் குளிரும் சட்டென்று தாக்காது, பூனை கண்ணில் படாது. ஆயுள் கொஞ்சம் கூடும், மாதக்கணக்கில் எல்லாம் வராது. உள்ளே ஒன்று உடைந்தால் அரிசியும் போச்சு.

ஃப்ரிட்ஜில் எவ்வளவு காலம்?

அமெரிக்க அரசின் கணக்கு 3 முதல் 5 வாரம், அதுவும் கழுவிய முட்டைக்கு. கழுவாத வீட்டு முட்டையை நான் இரண்டு மாதம் வரை வைத்துச் சமைத்திருக்கிறேன். சில விஷயங்களைக் கவனித்தால் போதும். கதவில் இருக்கும் முட்டைக் குழிகளை மறந்துவிடுங்கள், திறக்கும்போதெல்லாம் சூடுபடும் இடம் அதுதான். உள்ளே, பின்பக்கமாக, மூடிய டப்பாவில் வையுங்கள், இல்லாவிட்டால் மீன் குழம்பின் வாசம் முட்டைக்குள் போய்விடும். கூர்முனை கீழே, மழுங்கிய முனை மேலே. காற்றறை மழுங்கிய பக்கத்தில் இருப்பதால் அப்படி வைத்தால் மஞ்சள்கரு நடுவிலேயே நிற்கும்.

ஒருதடவை உள்ளே வைத்ததை வெளியே எடுத்துப் பிறகு மறுபடி வைக்காதீர்கள். ஓடு வியர்க்கும், அந்த ஈரத்தில் கிருமி துளை வழியாக நீந்தியே போகும்.

சுண்ணாம்புத் தண்ணீர் முறை என்கிறார்களே, அது எப்படி?

நான் அதிகம் செய்வது இதுதான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்னால் நிலவறையில் ஜாடி ஜாடியாக இப்படித்தான் முட்டையை வைத்தார்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 கிராம் நீற்றிய சுண்ணாம்பு. தண்ணீரைக் கொதிக்கவைத்து நன்றாக ஆறவிட்டு அதில் சுண்ணாம்பைக் கலக்குங்கள். பால் போல வெளுத்துவிடும், கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி அடியில் தங்கிவிடும். அளவு தப்பாகிவிட்டதோ என்று பதற வேண்டாம், ஒரு லிட்டர் தண்ணீரில் 2 கிராம்கூட முழுதாகக் கரையாது, மிச்சம் எல்லாம் கையிருப்பு. காற்றில் உள்ள கரியமில வாயு மேலே இருக்கும் சுண்ணாம்பைத் தின்னத் தின்ன அடியில் இருப்பது கரைந்து ஈடுகட்டும்.

பாத்திரம் பீங்கான் ஊறுகாய் ஜாடி அல்லது கண்ணாடி. அலுமினியம் கூடவே கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். மூன்று லிட்டர் ஜாடியில் 30, 35 நாட்டு முட்டை போகும். முந்தின நாளோ அன்றோ இட்ட, கழுவாத, சுத்தமான முட்டையாகப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இருட்டில் டார்ச் மேல் வைத்துப் பார்த்து, இரண்டிரண்டாக எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டிக் கேளுங்கள். நல்ல முட்டை 'ணங்' என்று கல் மாதிரி ஒலிக்கும், மயிர்க்கீறல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும், கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூடக் காது சொல்லிவிடும். கீறல் விழுந்தது ஒன்று உள்ளே போனாலும் ஜாடி முழுக்கப் போய்விடும்.

கூர்முனை கீழே பார்க்க அடுக்கி, முட்டைக்கு மேல் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி ஊற்றி, மூடி போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான மூலையில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது படிக்கட்டுக்கு அடியில், சிமெண்ட் தரையில். சில நாளில் மேலே கண்ணாடிச் சில்லு போல ஓர் ஆடை படியும். அது சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து ஆவது, உடைக்காமல் விடுங்கள்.

அப்படி வைத்தால் ஒரு வருடம் இருக்குமாமே?

பழைய கணக்கு எட்டு மாதம், ஒரு வருடம் என்று போகும். ஆனால் அது பத்து, பதினைந்து டிகிரி நிலவறைக் கணக்கு. நமக்கு நிலவறை ஏது? என் ஜாடியில் நான்காவது மாதம் வரை ஆம்லெட்டுக்கு எந்தக் குறையும் இல்லை, ஆறாவது மாதத்தில் உடைத்தால் வெள்ளைக்கரு தோசைக்கல்லின் ஓரம் வரை ஓடியது, மஞ்சள்கரு தொட்டதும் கலங்கியது. கெட்ட வாடை இல்லை, ஆனாலும் ஆசையாகச் சாப்பிடும்படி இல்லை. புரட்டாசியில் போட்டதைத் தை, மாசிக்குள் முடித்துவிடுவது என்று இப்போது வைத்திருக்கிறேன். பங்குனி வெயிலைத் தாண்ட விடுவதில்லை.

எந்தச் சுண்ணாம்பு?

கிளிஞ்சல் சுண்ணாம்பு, நீற்றியது. வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பும் ஆகும், வாசனையோ நிறமோ சேர்க்காததாக இருக்க வேண்டும். வெள்ளையடிக்க விற்கும் பொட்டலம் வேண்டாம், அதில் பசையும் நீலமும் கலந்திருக்கலாம். நீற்றாத கல் சுண்ணாம்பு வாங்கினால் மிகவும் கவனம், தண்ணீர் பட்டதும் கொதித்துச் சீறும், பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் நீற்றியதையே வாங்குங்கள். ஜாடிக்குள் கைவிடும்போதும் கையுறை போடுங்கள், இல்லையென்றால் அடுத்த நாள் விரல் நுனி எல்லாம் வெடித்திருக்கும்.

இது பாதுகாப்பானதுதானா?

நேர்மையாகச் சொன்னால், முழு உத்தரவாதம் இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரின் காரத்தன்மை 12-க்கு மேல், அதில் வெளியே இருக்கும் கிருமி பிழைக்காது. ஆனால் வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி சில நேரம் கோழியின் சினைப்பையிலேயே முட்டைக்குள் நுழைந்துவிடும், ஓடு உருவாவதற்கு முன்பே. அதைச் சுண்ணாம்பு ஒன்றும் செய்யாது. மாதக்கணக்கில் வெளிச்சூட்டில் இருக்கும்போது அது பெருக இடம் இருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விவசாய விரிவாக்க மையங்கள் பல இந்த முறையைப் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். அதனால் ஜாடி முட்டையை நன்றாக வேகவைத்தோ பொரித்தோதான் சாப்பிட வேண்டும், ஹாஃப் பாயில் கிடையாது. கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தைகளுக்கும், வயதானவர்களுக்கும், உடம்பு முடியாதவர்களுக்கும் எங்கள் வீட்டில் அன்றன்று இட்டதுதான். வயதுக்கு வந்த பெண்ணுக்கு நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் வீடுகளில் ஜாடி முட்டையை அதற்கு எடுத்துவிடாதீர்கள்.

ஜாடி வேண்டாம், சுண்ணாம்பில் நனைத்து எடுத்தால் போதும் என்கிறார்களே?

அதுவும் ஒரு முறை, கோழி வளர்ப்புப் பாடங்களில் இருக்கிறது. ஒரு கிலோ கல் சுண்ணாம்பை ஒரு லிட்டர் கொதிநீரில் நீற்றி, ஆறியதும் 5 லிட்டர் தண்ணீரும் 250 கிராம் உப்பும் சேர்த்து, தெளிந்த நீரைத் துணியில் வடிகட்டி, அதில் முட்டையை ஓரிரவு, 14 முதல் 18 மணி நேரம் ஊறவைத்து எடுத்து உலர்த்துவது. மெல்லிய சுண்ணாம்புப் படலம் துளைகளை அடைத்துவிடும். வெளியிலேயே மூன்று, நான்கு வாரம் தாங்கும். சந்தைக்கு முட்டை சேர்க்கிறவர்களுக்கு இது நல்லது.

வாட்டர் கிளாஸ்?

சோடியம் சிலிகேட் கரைசல். இரண்டாம் உலகப்போர் காலத்தில் பிரிட்டனில் பல வீடுகளில் ஒரு வாளி இருந்தது. நம் ஊரில் சோப்பு, கட்டுமான வேலைக்கு விற்பதுதான் கிடைக்கிறது, அதை உணவுக்குப் பயன்படுத்தத் துணிவில்லை. சுண்ணாம்பு இருக்கும்போது அது எதற்கு?

எண்ணெய் தடவினால்?

வேலை செய்கிறது. இட்ட 24 மணி நேரத்துக்குள் தடவ வேண்டும், கரியமில வாயு போனபிறகு தடவிப் பயனில்லை. கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துக்கொண்டு முட்டையை உருட்டி எடுத்தால் போதும், சொட்டச் சொட்ட வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின்தான் சிறந்தது, அதற்கு வாசனையும் இல்லை, காறவும் காறாது. தேங்காய் எண்ணெயிலும் செய்து பார்த்தேன், மூன்றாவது வாரத்தில் ஓட்டில் காறல் வாடை வந்துவிட்டது. எண்ணெய் தடவி ஃப்ரிட்ஜிலும் வைத்தால் இரண்டுக்கும் பலன் கூடும்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

ஓட்டோடு வைத்தால் உறைந்து வெடிக்கும். உடைத்து வைக்கலாம், பாதுகாப்பைப் பார்த்தால் இதற்கு மிஞ்சியது இல்லை. வெள்ளையும் மஞ்சளும் சேர்த்து நுரை வராமல் கலக்கி ஐஸ் ட்ரேயில் ஊற்றி, உறைந்ததும் கட்டிகளை உறையில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். கடை முட்டையில் ஒன்று மூன்று மேசைக்கரண்டி அளவு வரும், நாட்டு முட்டை அதைவிடக் குறைவு. மைனஸ் 18 டிகிரி இருக்கும் ஃப்ரீசரில் ஒரு வருடம் வரை இருக்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு அவ்வளவு குளிராது, அடிக்கடி கரண்ட் போகிற ஊர் வேறு, அதனால் இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிடுங்கள்.

மஞ்சள்கருவை மட்டும் உறைய வைத்தால் உருகியபின் களி மாதிரி ஆகிவிடும். நான்கு மஞ்சள்கருவுக்கு ஒரு சிட்டிகை உப்போ, கேக்குக்கு என்றால் ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையோ கலந்து வைத்தால் அப்படி ஆகாது. எது கலந்தது என்று உறைமேல் எழுதுங்கள். நான் எழுதாமல் ஒருதடவை பொடிமாஸ் இனித்துவிட்டது.

அவித்து ஊறுகாய் போடலாமா?

வினிகரில் போடலாம், ஆனால் ஃப்ரிட்ஜில் மட்டும். 1997-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒருவர் வீட்டில் போட்ட முட்டை ஊறுகாயைச் சாப்பிட்டு பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய்க்கு ஆளானது பதிவாகியிருக்கிறது. அவித்த முட்டையைப் பல்குச்சியால் குத்தி, ஜாடியை வெளியிலேயே வைத்திருந்தார்கள். குத்திய துளை வழியாகக் கிருமி நடுவுக்குப் போய்விட்டது, புளிப்பு அவ்வளவு தூரம் ஊறவில்லை. ஆகவே குத்தவேண்டாம், வெளியே வைக்கவும் வேண்டாம். சும்மா அவித்ததை ஓட்டோடு ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம்.

மலேசியாவில் உப்பு முட்டை என்று சாப்பிட்டோமே?

அது தெலோர் மாசின், பெரும்பாலும் வாத்து முட்டை. ஒரு பங்கு உப்புக்கு நான்கு பங்கு தண்ணீர், கொதிக்கவைத்து ஆறவிட்டு அதில் முட்டையை முழுக அமிழ்த்தி மூன்று, நான்கு வாரம். பிறகு அவித்தால் மஞ்சள்கரு எண்ணெய் கசிந்து மணல் மணலாக உதிரும். கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள அபாரம். குழம்பில் போட்டால் உப்பு தாங்காது.

தண்ணீரில் போட்டு மிதந்தால் கெட்டதா?

வயதானது, அவ்வளவுதான். காற்றறை பெரிதானதால் மிதக்கிறது. படுத்துக் கிடந்தால் புதிது, நின்றால் பழையது, மிதந்தால் மிகப் பழையது. முழுகுகிற முட்டையும் கெட்டிருக்கலாம். அதிலும் சுண்ணாம்பு முட்டைக்கு இந்தச் சோதனை செல்லாது, நீர் வெளியேறாததால் ஆறு மாத முட்டையும் அடியில் படுத்துக்கிடக்கும். மூக்கை நம்புங்கள். எப்போதும் தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட்டு மற்றதோடு சேருங்கள்.

ஜாடி முட்டையை எடுத்து எப்படிச் சமைப்பது?

எடுத்ததும் நன்றாகக் கழுவுங்கள், இல்லாவிட்டால் உடைக்கும்போது சுண்ணாம்பு உள்ளே விழும். அவிப்பதாக இருந்தால் மழுங்கிய முனையில் ஊசியால் ஒரு குத்து. துளைகள் அடைபட்டிருப்பதால் உள்ளிருக்கும் காற்றுக்கு வழியில்லாமல் கொதிநீரில் பட்டென்று வெடிக்கும். குத்தியதை உடனே அவித்துவிட வேண்டும், எடுத்து வைக்கக்கூடாது. ஆம்லெட், பொடிமாஸ், கொத்து பரோட்டா, கேக் எல்லாவற்றுக்கும் சரி. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் செய்யும் பண்டத்துக்கு மட்டும் வராது.

சேர்த்து வைத்த முட்டையை அடைக்கு வைக்கலாமா?

சுண்ணாம்பிலும் எண்ணெயிலும் போனது பொரிக்காது, மூச்சை அடைத்துவிட்டோமே. அடைக்கான முட்டை தனிக்கணக்கு: சேவல் சேர்ந்தது, குளிர்ந்த இடத்தில் ஒரு வாரத்துக்குள் வைத்தது. ஈரமணல் பானை அதற்கு ஏற்றது.

வீட்டில் கோழி இல்லை, கடை முட்டையைச் சேமிக்கலாமா?

புரட்டாசியில் நாமக்கல் முட்டை விலை இறங்கும்போது அட்டை அட்டையாக வாங்கிவைக்க எல்லோருக்கும் ஆசை வரும். அதில் ஒரு நல்லது உண்டு, பண்ணையில் சேவலே கிடையாது, கரு விழிக்கும் பயமில்லை. ஆனால் என்று இட்டது, கழுவினார்களா, லாரியில் எத்தனை நாள் வெயில் பட்டது என்று தெரியாது. அதனால் ஜாடிக்குப் போடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு அட்டையை ஃப்ரிட்ஜுக்கும் ஒரு அட்டையை உடைத்து ஃப்ரீசருக்கும் அனுப்புங்கள், கார்த்திகை வரை கவலை இல்லை.